ஆல்டைம் லெவன் சண்டைக்கு ஸ்டாட்ஸ்குரு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எல்லாக் காலத்துக்குமான உலக டெஸ்ட் அணியை இரண்டு பெரிய இடங்கள் முறையாகத் தேர்ந்தெடுத்து அறிவித்திருக்கின்றன. 2010இல் கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளம், 2013இல் தன் 150ஆவது பதிப்பு வந்த ஆண்டில் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எட்டுப் பேர் பொது: ஹாப்ஸ், பிராட்மேன், டெண்டுல்கர், விவ் ரிச்சர்ட்ஸ், சோபர்ஸ், மார்ஷல், வாசிம் அக்ரம், வார்ன். தகராறெல்லாம் மூன்றே இடத்தில்தான். ஹாப்ஸுடன் இறங்க ஹட்டனா, டபிள்யூ. ஜி. கிரேஸா? கீப்பர் கில்கிறிஸ்டா, ஆலன் நாட்டா? மூன்றாவது வேகத்துக்கு லில்லியா, எஸ். எஃப். பார்ன்ஸா? முதல் பெயர்கள் கிரிக்இன்ஃபோவுடையவை, அடுத்தவை விஸ்டனுடையவை.

இந்த மூன்று இடங்களோடு, சுழற்பந்தில் யார் பெரியவர் என்ற, என்றைக்கும் ஓயாத முரளி–வார்ன் வழக்கையும் சேர்த்துக் கொடுத்தால் ஸ்டாட்ஸ்குரு என்ன பதில் சொல்கிறது? இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான். தெரியாதவர்களுக்கு: இது கிரிக்இன்ஃபோ தளத்துக்குள் இருக்கும் புள்ளிவிவரத் தேடல் கருவி. காசு கிடையாது, விளம்பரம் உண்டு. 1877இல் நடந்த முதல் டெஸ்ட் முதல் நேற்று முடிந்தது வரை உள்ளே இருக்கிறது.

பெயரைத் தட்டித் தேடும் பெட்டியோடு நின்றுவிட்டால் பாதிப் பயன்கூட இல்லை. அதில் வருவது ஆட்டக்காரரின் மொத்தக் கணக்கு; அது எங்கும் கிடைக்கும். விஷயம் இருப்பது மேம்பட்ட ஃபில்டரில். முதலில் டெஸ்ட், ஒருநாள், டி20 என்று வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங், ஆல்ரவுண்ட், பார்ட்னர்ஷிப் என்று வகை. பிறகு எதிரணி, போட்டி நடந்த நாடு, மைதானம், தேதி, வெற்றி தோல்வி, கேப்டனாக ஆடியதா, கீப்பராக ஆடியதா, பேட்டிங் வரிசையில் எத்தனையாவது என்று ஒவ்வொன்றாக இறுக்கலாம். அதற்கும் கீழே, பலர் கண்ணில் படாத இடத்தில், 'குறைந்தது இத்தனை இன்னிங்ஸ், இத்தனை ரன், இத்தனை விக்கெட்' என்று நிபந்தனை போடும் கட்டங்கள் உண்டு. கடைசியாக, விடையை எப்படிக் காட்ட வேண்டும் என்பது: மொத்தமாகவா, நாடு வாரியாகவா, ஆண்டு வாரியாகவா, இன்னிங்ஸ் இன்னிங்ஸாகவா.

அந்த நிபந்தனைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சராசரிப்படி (மொத்த ரன்னை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுத்தது) வரிசைப்படுத்தினால் பிராட்மேன் முதலிடத்தில் வர மாட்டார். 2 டெஸ்ட் ஆடி 30, ஆட்டமிழக்காமல் 114 எடுத்த கர்டிஸ் பேட்டர்சன் 144.00 என்று மேலே நிற்பார். 1948இல் ஆடிய ஒரே இன்னிங்ஸில் 112 அடித்து, அதற்குப் பிறகு அழைக்கப்படவே படாத ஆண்டி கான்டோம் 112.00 என்று நிற்பார். சரி, 20 இன்னிங்ஸ் என்று வைக்கலாம் என்றால் ஆடம் வோஜஸ் வருகிறார்: 20 டெஸ்ட், 31 இன்னிங்ஸ், 1485 ரன், சராசரி 61.87. கிரேம் பொல்லாக் (60.97), ஜார்ஜ் ஹெட்லி (60.83), சட்கிளிஃப் (60.73) மூவருக்கும் மேலே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. வோஜஸின் பெயரைத் திறந்து எதிரணி வாரியாகப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளோடு 130, 37, 269, 106. இதில் 37இல் மட்டும்தான் அவுட். அந்த அணியோடு சராசரி 542. அந்த நான்கு இன்னிங்ஸை எடுத்துவிட்டால் மிச்சம் 943 ரன், 23 முறை அவுட், சராசரி 41.

அப்படியானால் 50 இன்னிங்ஸ் என்று உயர்த்திவிடலாமே என்று தோன்றும். உயர்த்தினால் வோஜஸ் போவார். 41 இன்னிங்ஸ் ஆடிய பொல்லாக்கும் 40 ஆடிய ஹெட்லியும் கூடவே போவார்கள். நிறவெறிக் கொள்கைக்காகத் தென்னாப்பிரிக்கா ஒதுக்கப்பட்டதால் பொல்லாக்குக்கும், இரண்டாம் உலகப் போரால் ஹெட்லிக்கும் நின்றுபோன ஆட்டங்களை எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது. சல்லடையின் கண்ணை நாம்தான் வைக்கிறோம், எது தங்கும் எது விழும் என்பதை அந்தக் கண் தீர்மானிக்கிறது. ஆகவே ஒருவர் "ஸ்டாட்ஸ்குருவே சொல்லுது" என்று ஆரம்பித்தால், எத்தனை இன்னிங்ஸ் நிபந்தனை என்பதை முதலில் கேளுங்கள்.

இனி முரளி–வார்ன். கருவியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வழக்கிலேயே தெரிந்துவிடும்.

பந்துவீச்சில் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறைவாக இருந்தால் நல்லது. முரளிதரன் 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. வார்ன் 145 டெஸ்ட், 708 விக்கெட், 25.41. மேலோட்டமாகப் பார்த்தால் முரளிக்கே தீர்ப்பு. எதிரணிக் கட்டத்தில் பங்களாதேஷையும் ஜிம்பாப்வேயையும் நீக்கிவிட்டு மறுபடி தேடினால் முரளிக்கு 176 விக்கெட் குறைகிறது. மிச்சம் 624, சராசரி 24.87. வார்னுக்குக் குறைவது வெறும் 17, சராசரி அசைவதே இல்லை எனலாம். இரண்டரை ரன்னுக்கு மேல் இருந்த இடைவெளி அரை ரன்னாகச் சுருங்கிவிடுகிறது. இது நியாயமான வாதம்தான், ஆனால் பாதி வாதம். வார்ன் ஒருநாளும் ஹேடன், பாண்டிங், ஸ்டீவ் வா இருந்த ஆஸ்திரேலிய வரிசைக்குப் பந்து போட வேண்டியிருக்கவில்லை. முரளி போட்டார்.

போட்டு என்ன ஆனார் என்பதுதான் வார்ன் கட்சியின் அடுத்த அஸ்திரம். ஆஸ்திரேலிய மண்ணில் முரளி: 5 டெஸ்ட், 12 விக்கெட், சராசரி 75.41. இந்த எண்ணை அப்படியே விழுங்காமல் இன்னிங்ஸ் வாரியாக உடைத்துப் பாருங்கள். 1995-96இல் பெர்த், மெல்போர்ன் இரண்டிலும் சேர்த்து 348 ரன் கொடுத்து 3 விக்கெட். 2007இல் பிரிஸ்பேன், ஹோபார்ட்டில் 400 கொடுத்து 4. மீதி 5 விக்கெட்டும் 157 ரன்னும் இலங்கைக்காக ஆடியதே அல்ல. 2005 அக்டோபரில் சிட்னியில் ஐசிசி உலக லெவன் அணிக்காக ஆடிய டெஸ்ட்டில் வந்தவை. அணி என்ற கட்டத்தில் இலங்கை என்று போட்டால் கணக்கு 4 டெஸ்ட், 7 விக்கெட், 106.86 என்று இன்னும் மோசமாகிறது. முரளி கட்சிக்காரர்கள் அந்த உலக லெவன் ஆட்டத்தைக் கழிக்கச் சொல்லாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது.

ஆனால் அந்த மெல்போர்ன் வரியில் நிற்பது 124 ரன்னுக்கு 1 விக்கெட் என்ற எண் மட்டும்தான். நடுவர் திரும்பத் திரும்ப நோ-பால் என்று கை நீட்டி, எறிகிறார் என்ற பழி தலைக்கு மேல் தொங்கிய ஆட்டம் அது என்பதற்கு அங்கே ஒரு குறிப்பும் இல்லை. இந்தக் கருவியில் எண் பொய் சொல்லாது. எண்ணுக்குப் பின்னால் இருப்பதை அது காட்டவும் காட்டாது.

இந்தியாவைப் போட்டுப் பாருங்கள். இந்திய மண்ணில் வார்ன் 9 டெஸ்ட், 34 விக்கெட், 43.11, முரளி 11 டெஸ்ட், 40 விக்கெட், 45.45. இருவரும் அடி வாங்கியவர்களே. இந்தியாவுக்கு எதிராக மொத்தமாக எடுத்தால் முரளி 32.61, வார்ன் 47.18. சொந்த மண் என்று தட்டினால் முரளி 493 விக்கெட், 19.56, வெளியே 27.79. வார்னோ சொந்த மண்ணில் 26.39, வெளியூரில் 25.50. ஊர் மாறினாலும் ஒரே ஆள்.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. சொந்த மண், வெளியூர், பொது மைதானம் என்று அந்தக் கட்டத்தில் மூன்று தேர்வுகள். 2002இல் பாகிஸ்தானோடு கொழும்பிலும் ஷார்ஜாவிலும் நடந்த 3 டெஸ்ட்டில் வார்ன் எடுத்த 27 விக்கெட், சராசரி 12.66, மூன்றாவது பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. 'வெளியூர்' மட்டும் தட்டினால் அவை காணாமல் போகும். ஆகவே இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, போட்டி நடந்த நாடு என்ற கட்டத்தைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

நம் ஊர்ப் பக்கம் அஸ்வினையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் குரல் உண்டு. 106 டெஸ்ட், 537 விக்கெட், சரியாக 24.00. வார்னைவிடக் குறைந்த சராசரி, பேட்டிங்கில் ஆறு சதமும் கூடுதலாக. நாடு வாரியாகப் பிரித்தால் இந்தியாவில் 383 விக்கெட் 21.57க்கு, வெளியே 154, சராசரி முப்பதை ஒட்டி. இந்திய ஆல்டைம் லெவனில் அவருக்கு இடம் இல்லை என்பவரோடு சண்டை போடலாம். உலக லெவன் என்றால் இந்தப் பிரிவினை அவரை நிறுத்திவிடுகிறது.

சர்ச்சைக்குரிய மூன்று இடங்களில் லில்லி–பார்ன்ஸ் இடத்துக்குத்தான் கருவி அதிகம் உதவுகிறது. பார்ன்ஸ்: 27 டெஸ்ட், 189 விக்கெட், 16.43. பார்த்ததும் வாய் பிளக்கும். எதிரணி வாரியாகப் பிரியுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 7 டெஸ்ட்டில் 83 விக்கெட், 9.85. அதில் 49 விக்கெட் 1913-14 தொடரின் நான்கே டெஸ்ட்டில், பெரும்பாலும் பாய் விரித்த ஆடுகளங்களில். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 106 விக்கெட், 21.58. இந்த இரண்டாவது எண்தான் அவருடைய உண்மையான எடை, அதுவே பெரிய எடைதான். லில்லி 70 டெஸ்ட், 355 விக்கெட், 23.92. ஆசியாவில் 4 டெஸ்ட் மட்டும். 1980இல் பாகிஸ்தானில் 3 டெஸ்ட் ஆடி 3 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் 101 ரன். இந்தியாவில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பக்கத்திலேயே மார்ஷலை வைத்துப் பார்த்தால் அவர் ஏன் இரண்டு பட்டியலிலும் எந்தச் சச்சரவும் இல்லாமல் இருக்கிறார் என்பது விளங்கும்: 376 விக்கெட் 20.94க்கு, 1983இல் இந்திய ஆடுகளங்களிலேயே 6 டெஸ்ட்டில் 33 விக்கெட் 18.81க்கு.

எங்கள் தீர்ப்பு கொஞ்சம் ஏறுமாறானது. அந்த மூன்றாவது வேகப்பந்து இடமே வேண்டாம். சோபர்ஸ் இடது கையில் வேகமும் போடுவார், சுழலும் போடுவார். மார்ஷல், அக்ரமோடு அவர் மூன்றாவது வேகம். மிஞ்சும் இடத்தில் வார்னுடன் முரளியையே சேர்த்துவிடலாம். இப்படி ஒருவரை இன்னொருவர் தாங்குகிற கணக்கு எந்தத் தேடலிலும் வராது.

கீப்பர் இடத்தில் பாதி விடைதான் கிடைக்கிறது. கில்கிறிஸ்ட் 96 டெஸ்ட், 5570 ரன், 47.60, 17 சதம். நாட் 95 டெஸ்ட், 4389 ரன், 32.75, 5 சதம். 'கீப்பராக ஆடியபோது' என்ற ஃபில்டரைப் போட்டால் கில்கிறிஸ்டுக்கும் மேலே ஆண்டி ஃபிளவர் வருகிறார்: 55 டெஸ்ட், 53.70. சங்கக்காராவை கீப்பராக எழுதி வைப்பவர்களுக்கும் இதே ஃபில்டர்தான் மருந்து. அவருடைய 57.40 என்ற பிரமாதமான சராசரி இரண்டாகப் பிளக்கிறது: கையுறையோடு 48 டெஸ்ட்டில் 40.48, கையுறை இல்லாமல் 86 டெஸ்ட்டில் 66.78. அவரை மூன்றாம் எண் பேட்ஸ்மேனாக எடுத்தால் பொன். கீப்பராக எடுத்தால் பொன்னில் பாதி பித்தளை.

கீப்பிங் பக்கம் வந்தால் கருவி கையை விரித்துவிடுகிறது. டெஸ்ட்டுக்கு எத்தனை பேரை வீழ்த்தினார் என்று பார்த்தால் கில்கிறிஸ்ட் 4.3, நாட் 2.8. ஒருவர் மெக்ராவுக்கும் வார்னுக்கும் நின்றார்; மற்றவர் நனைந்த ஆடுகளத்தில் வேகமாகச் சுழற்றும் அண்டர்வுட்டுக்கு ஸ்டம்பை ஒட்டி நின்றார். எத்தனை கேட்ச் விட்டார்கள், எத்தனை ஸ்டம்பிங் தவறவிட்டார்கள் என்ற கணக்கு இங்கே இல்லவே இல்லை. விஸ்டன் நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் முழுக்க இந்த இல்லாத கணக்கில்தான் இருக்கிறது.

கிரேஸ்–ஹட்டன் இடத்துக்கு இதைத் திறப்பதே வீண். கிரேஸின் டெஸ்ட் கணக்கு 22 ஆட்டம், 1098 ரன், 32.29. முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 32 வயது, கடைசி டெஸ்ட்டில் 50. அவர் பெருமையெல்லாம் முதல்தரப் போட்டிகளில். அவற்றை இதே மாதிரி சலித்துப் பார்க்க இங்கே வழியில்லை. 4 டெஸ்ட்டோடு நின்றுபோன பாரி ரிச்சர்ட்ஸுக்கும் அதே கதிதான். ஹட்டனுக்கு 6971 ரன், 56.67 என்று தெளிவான கணக்கு உண்டு. ஆனால் 1948இல் ஓவலில் இங்கிலாந்து 52 ரன்னுக்குச் சுருண்டபோது அதில் 30 அவருடையது என்பதைக் காண அந்த ஸ்கோர்கார்டையே தனியாகத் திறக்க வேண்டும். மூடப்படாத ஆடுகளம், மழை, எதிரே யார் பந்து போட்டார் — எதற்கும் ஃபில்டர் கிடையாது.

எது டெஸ்ட் என்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. இது கருவியின் தவறல்ல, ஐசிசியின் முடிவு. ஆனால் பலனை நாம்தான் அனுபவிக்கிறோம். 1970இல் இங்கிலாந்தில் உலக அணிக்காக சோபர்ஸ் ஐந்து ஆட்டத்தில் எடுத்த 588 ரன்னும் 21 விக்கெட்டும் கணக்கில் இல்லை. 1971-72இல் மெல்போர்னில் அடித்த 254ம் இல்லை. கெரி பேக்கர் தனியாக நடத்திய தொடரில் விவ் ரிச்சர்ட்ஸும் லில்லியும் ஆடிய சூப்பர்டெஸ்ட் எதுவும் இல்லை. 2005 சிட்னி ஆட்டம் மட்டும் உண்டு. அதில் 1, 0 என்று எடுத்த இன்சமாமின் சராசரி 50.16இலிருந்து 49.60க்கு இறங்கிவிட்டது. '50க்கு மேல் சராசரி' என்று நிபந்தனை போட்டால் அவர் பெயரே வராது. பாகிஸ்தானை அணியாகப் போட்டுத் தேடினால் வருவார்.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. பழைய ஆட்டங்களில் பேட்ஸ்மேன் சந்தித்த பந்துகளின் எண்ணிக்கை பல இடங்களில் இல்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி நிற்கும். குறி இருந்தால் அந்த ஸ்ட்ரைக் ரேட்டை வைத்து விவ் ரிச்சர்ட்ஸையும் சேவாக்கையும் ஒப்பிடாதீர்கள். நாட் அவுட் விளைவையும் கையால்தான் போட்டுப் பார்க்க வேண்டும்: டெண்டுல்கர் 53.78, லாரா 52.88 என்று காட்டும். ஆனால் லாரா 232 இன்னிங்ஸில் 6 முறைதான் நாட் அவுட். ரன்னை இன்னிங்ஸால் வகுத்தால் லாரா 51.5, டெண்டுல்கர் 48.4. தோற்றம் பழைய காலத்துக் கணினித் திரைக்கானது. போனில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடிக்கும். லேப்டாப்பில் திறப்பதே மேல்.

மாற்று என்றால் ஐசிசி தரவரிசையின் வரலாற்றுப் புள்ளிகள். எதிரணியின் பலத்தையும் கணக்கில் எடுப்பதால் பார்ன்ஸ் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் நேர்மையானது. ஆனால் அதன் ஆல்டைம் பட்டியல் காட்டுவது உச்சத்தை மட்டுமே: பிராட்மேன் 961, அடுத்து ஸ்டீவ் ஸ்மித் 947. எப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒருநாள் அணிக்கு இரண்டு கருவியையும் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். ஒரு முனைக்கு ஒரு புதுப் பந்து என்ற 2011 விதிக்கு முன்னும் பின்னும் தேதியைப் பிரிக்காமல் பெவனையும் கோலியையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

10க்கு 8 கொடுக்கலாம். ஒருவரை அணியிலிருந்து தூக்குவதற்கு இதைவிடக் கூரிய ஆயுதம் இலவசமாகக் கிடைக்காது. உள்ளே கொண்டுவருவதற்கு இது மட்டும் போதாது. சண்டையில் எண்ணை மட்டும் வீசாமல் தேடல் முகவரியையே நகலெடுத்து அனுப்புங்கள். நீங்கள் போட்ட ஃபில்டர் அத்தனையும் அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும், எதிராளி திறந்து ஒரு கட்டத்தை மாற்றிப் பார்க்கலாம். இப்போதும் ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றிய தேடல் என்றால் முடிவுத் தேதியையும் நிரப்பிவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்த டெஸ்ட் முடிந்ததும் அதே முகவரியில் வேறு எண் நிற்கும்.